அரை மணி நேர ஆபரேஷனுக்கு ஃப்ளைட் டிக்கெட் எதுக்கு?

தங்கச்சிக்குப் பதினஞ்சு வயசு தாண்டிருச்சு. இன்னும் பெரியவளாகலை. ஆனா, மாசம் தவறாம நாலைந்து நாள் அடிவயிற்றைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுக்கிறா. 'சூட்டு வலி, வெந்தயத்தை முழுங்கு' என்கிறார் பாட்டி. உங்க வீட்டில் இப்படி நடந்தா, வெந்தயத்தோட விட்டுடாதீங்க. (பசங்களே, பக்கத்தைப் புரட்டாதீங்க. அக்கா, தங்கச்சி உங்களுக்கும் உண்டு!)

பிறப்புறுப்பின் வாசலில் இருக்கும் கன்னித்திரையில் இயல்பாகவே துளை இருக்கும். மாதவிலக்கு ரத்தம் வெளியே வருவது அதன் வழியாகத்தான். பிறவியிலேயே சிலருக்கு அந்தத் துளை இருக்காது. டாக்டர் பாஷையில் 'இம்பெர்ஃபொரேட் ஹைமன்'. உள்ளே மாதவிலக்கு ஒழுங்காக நடக்கும். ரத்தம்தான் வழியில்லாமல் தேங்கும். தேங்கத் தேங்க அடிவயிறு வீங்கும், முதுகு வலிக்கும், சிலருக்கு யூரின்கூட அடைச்சுக்கும். ரொம்ப நாள் விட்டால் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் எண்டோமெட்ரியோசிஸ் வரலாம்.

சிகிச்சை? மயக்க மருந்து கொடுத்து, சவ்வை வெட்டி வழி திறப்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேர வேலைதான். தார் மாதிரி கறுப்பு ரத்தம் சில நாள் வடியும், மிரளாதீங்க. ஊசி குத்தி ரத்தத்தை மட்டும் உறிஞ்சுவது ஆபத்து, கிருமி புகுந்துடும். முன்னாடியே ஸ்கேன் கட்டாயம். அடைப்பு சவ்வில் இல்லாமல் இன்னும் மேலே இருந்தால், ஆபரேஷனே வேற!

மாலத்தீவு, வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்காக சென்னை வருகிறவர்கள் ஏராளம். மெடிக்கல் விசாவே தனியாக உண்டு. கிட்னி, இதயம்னா நியாயம். இதுக்கு, மகப்பேறு டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கிற நம்ம மாவட்ட ஆஸ்பத்திரியே போதுமே! அப்புறம் ஏன் வெளிநாட்டு யோசனை? 'ஊருக்குத் தெரிஞ்சா கல்யாணம் நடக்குமா'ங்கிற பயம்தான்.

இந்தப் பயம் நமக்கு மட்டுமில்லை. துருக்கி டாக்டர்கள் சவ்வின் நடுவில் சின்னதாகத் துளை போட்டு, ஃபோலி கத்தீட்டர் என்ற ரப்பர் குழாயைச் செருகி, சவ்வைக் காப்பாற்றியே 65 பேரைக் குணப்படுத்தியதாக 2007-ல் எழுதினார்கள். கேட்பவர்களுக்கு அது ஒரு வழி. ஆனா, சவ்வைப் பார்த்து ஒரு பெண்ணின் 'கதை'யை யாராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மை சோதனையையே ஒழிக்கணும்னு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-ல் சொல்லியாச்சு.

அதையும் மீறி ஃப்ளைட் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். வெட்டிய இடம் மறுபடி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைப் பார்க்க டாக்டர் திரும்ப வரச் சொல்வார். தையல் ஆறுவதற்குள் ஊர் திரும்பிட்டா, யார் பார்ப்பது? ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு இரண்டையும் கையோடு வாங்கி வாங்க.

பதினெட்டு முடிஞ்சிருந்தா சம்மதக் கையெழுத்து உங்களுடையதே. அதுக்குக் கீழேன்னா அம்மா, அப்பா போடணும். டாக்டரைப் பார்க்கப் போகும் முன், எந்தெந்தத் தேதியில் வலி வந்ததுன்னு காலண்டரில் வட்டம் போட்டுக் கொண்டு போங்க. பாதி நோயை அந்த வட்டங்களே சொல்லிடும்.