மூச்சில் சேரும் தூசியின் எடை

பீங்கான் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒருவரை அவருடைய மனைவி அண்மையில் எங்கள் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்து வந்தார். ஊடுகதிர்ப் படத்தில் இரு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் சிறுசிறு முடிச்சுகள் தெரிந்தன. கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் என்று விளக்கியபோது அந்த அம்மையார் கேட்டார்: "முன்ன மாதிரி இப்ப அங்க புழுதியே பறக்கறதில்லைங்களே டாக்டர்? பட்டறை பார்க்கச் சுத்தமாத்தானே இருக்கு?"

நியாயமான கேள்வி. ஆனால் பட்டறைக் காற்று சுத்தமா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் கருவி, ஆய்வகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் நுண்தராசு. நோயாளிகளோ குடும்பத்தினரோ அதைப் பார்க்க வாய்ப்பில்லை என்பதால் அதைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் வாழ்பவர்களுக்குப் பீங்கான் தொழிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. களிமண்ணோடு குவார்ட்சு என்னும் வெள்ளைக்கல்லையும் ஃபெல்ஸ்பார் என்னும் கல்லையும் மாவாக அரைத்துச் சேர்ப்பதே பீங்கானின் அடிப்படை. இவற்றுள் குவார்ட்சு முழுவதும் சிலிக்கா. உலர்ந்த கல்மாவை அரவை இயந்திரத்தில் கொட்டும்போதும், வார்த்துக் காய்ந்த பொருளின் விளிம்பைச் சுரண்டிச் சீராக்கும்போதும், மாலையில் தரையைத் துடைப்பத்தால் பெருக்கும்போதும் அது காற்றில் கலக்கிறது.

சன்னல் வழியே விழும் வெயில் கற்றையில் மிதப்பதாக நாம் காணும் தூசியில் பெரும்பகுதி பருமனானது. அது மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்பட்டுச் சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கித் தங்குபவை ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் நான்கு பங்கு அளவும் அதற்குக் குறைந்தும் உள்ள துகள்கள். தலைமுடியின் தடிமன் இவற்றைப்போலப் பல மடங்கு. பெரும்புழுதி அடங்கிய பின்னும் இவை மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். அந்த அம்மையாரின் கண்ணுக்குப் பட்டறை சுத்தமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இத்துகள்களை அளக்கும் முறை எளிமையானது. தொழிலாளியின் இடுப்பில் ஒரு சிறு பம்பைக் கட்டுவார்கள். அதிலிருந்து வரும் குழாய் சட்டைக் கழுத்துப்பட்டைக்கு அருகே, அவர் மூச்சு விடும் இடத்தில் முடியும். அங்குள்ள சிறு சுழற்கலம் காற்றைச் சுழலச் செய்து பருமனான தூசியைக் கீழே தள்ளிவிடும். நுண்தூசி மட்டும் 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வடிதாளில் படியும். வேலைக்கு முன் வடிதாளின் எடை, வேலைக்குப் பின் அதன் எடை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தூசியின் எடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்திருந்த வாய்பாட்டின்படி, நுண்தூசியில் உள்ள குவார்ட்சின் விழுக்காட்டோடு 2ஐக் கூட்டி, அத்தொகையால் 10ஐ வகுத்தால் வருவது ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கத்தக்க மில்லிகிராம் அளவு. குவார்ட்சு 30 விழுக்காடு என்றால் வரம்பு ஏறத்தாழ 0.31 மில்லிகிராம். பம்பு நிமிடத்துக்கு 1.7 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் இழுத்தால் வடிதாள் வழியே செல்லும் காற்று 816 லிட்டர். வரம்பை எட்டிவிட்ட பட்டறையிலும், நாள் முழுவதும் சேரும் தூசி கால் மில்லிகிராம்தான். நம் பொற்கொல்லர்கள் எடைக்கல்லாக வைத்திருந்த குன்றிமணி ஒன்றை ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும்.

0.1 மில்லிகிராம் வரை காட்டும் வழக்கமான பகுப்பாய்வுத் தராசு இதற்குப் போதாது. கால் மில்லிகிராமை அளக்கையில் முன்னும் பின்னும் 0.1 பிசகினால் விடைக்கு என்ன மதிப்பு? எனவே அதைவிடப் பத்து மடங்கோ நூறு மடங்கோ நுட்பமான தராசு தேவைப்படுகிறது. அத்தராசில் எடைக்கற்கள் கிடையா. தட்டில் ஒரு பொருளை வைத்ததும் அது கீழிறங்க முயலும். காந்தத்தினிடையே உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்து தட்டைப் பழைய நிலையிலேயே தாங்கிக்கொள்ளும். தாங்குவதற்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டதோ அதுவே எடையாக மாற்றிக் காட்டப்படும். புவியீர்ப்பு இடத்துக்கு இடம் சிறிது மாறுவதால், சென்னையில் சரிபார்த்த தராசை இங்கே கொண்டுவந்து வைத்தால் நியம எடைகளைக் கொண்டு மீண்டும் சரிபார்த்தாக வேண்டும்.

அதன் மென்மை சில வேளைகளில் எரிச்சலூட்டும். மின்விசிறிக் காற்று, தெருவில் செல்லும் லாரியின் அதிர்வு, அருகில் நிற்பவரின் உடற்சூடு, வடிதாளில் ஏறிய நிலைமின்சாரம், விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய ஒவ்வொன்றும் எண்ணை மாற்றிவிடும். ஐப்பசி மழைநாளின் ஈரப்பதம் ஒன்றே போதும். ஆகவே வடிதாளை எடை பார்க்கும் அறையிலேயே குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்திருந்து, நிலைமின்சாரத்தை நீக்கி, இடுக்கியால் மட்டுமே கையாள்வார்கள்.

இவற்றோடு தூசி பிடிக்காத வெற்று வடிதாள்கள் சிலவும் பட்டறைக்குச் சென்று திரும்பும். அவற்றின் எடை மாறியிருந்தால் அந்த மாற்றம் தூசியால் வந்ததன்று. அதைக் கழித்துவிட வேண்டும். இந்த எச்சரிக்கை நம் ஊருக்குப் புதியதும் அன்று. திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த சுந்தரர், ஆற்றில் இடும் முன்பே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதில் சிறிது மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்பது புராணம். இறைவன் தந்த பொன்னுக்கே அவர் ஒப்புமை வைத்திருந்தார். ஆய்வகம் அதைத் தவிர்க்கலாமா?

தராசு எடையைச் சொல்லுமே தவிர எந்தக் கல்லின் தூசி என்று சொல்லாது. வடிதாளில் குவார்ட்சு எவ்வளவு என்பதை ஊடுகதிர்ச் சிதறல் முறையில் தனியாகக் காண்பார்கள். அமெரிக்காவில் 2016இல் வகுக்கப்பட்ட வரம்பு, ஒரு கன மீட்டருக்குச் சிலிக்கா மட்டும் 0.05 மில்லிகிராம். நாம் மேலே கண்ட பம்பில் அது நாள் முழுவதும் 0.04 மில்லிகிராம்தான்.

தராசு இல்லாத காலத்திலும் இத்தூசியின் கேட்டை அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான் தொழிலில் சிக்கிமுக்கிக் கல்லை உலர அரைத்தவர்கள் மாண்டதைக் கண்டு, அதை ஈரமாக அரைக்கும் முறைக்குத் தாமஸ் பென்சன் 1726இல் காப்புரிமை பெற்றார். இன்றும் முதல் மருந்து தண்ணீர்தான். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தல், தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுதல் ஆகியவை அடுத்தவை. முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. வேலைத் துணியை வீட்டு முற்றத்தில் உதறவும் வேண்டாம்.

சிலிக்கோசிஸைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் அது வளரக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும். இரண்டின் ஊடுகதிர்ப் படங்களும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால், தொழிலை மறைப்பவர்கள் தேவையற்ற காசநோய் மாத்திரைகளை மாதக்கணக்கில் உட்கொள்ள நேரிடுகிறது. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் சிலர் மறைக்கிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் இது சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். தொழிலாளர் காப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலிலும் உள்ளது. உதவி கோருவதற்கும் மருத்துவக் குறிப்பில் தொழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எனவே எங்களிடம் வரும்போது எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பழைய ஊடுகதிர்ப் படங்களை எடுத்து வாருங்கள். பட்டறையில் தூசி அளந்திருந்தால் அந்த அறிக்கையின் நகலையும் கேட்டுப் பெறுங்கள். அளவு தொழிலாளியின் கழுத்தருகே எடுக்கப்பட்டதா, அறையின் மூலையிலா? முழு வேலை நேரத்துக்கா, அரை மணி நேரத்துக்கா? உலர்மாவு கொட்டிய நாளா, இயந்திரம் நின்றிருந்த நாளா? அந்த அம்மையார் அடுத்த முறை வந்தபோது, இந்த மூன்று கேள்விகளையும் மகளின் நோட்டுத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார்.