முதியோர் விழாமல் நடப்பதற்கு

வயல் வரம்பில் தலைச்சுமையுடன் நடந்து பழகிய எமது முதியோருக்கு, ஒரு காலத்தில் சமநிலை பற்றி எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இடம்பெயர்ந்த பின் வயலும் இல்லை, வேலையும் இல்லை. பலர் நாள் முழுவதும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனர். வேலையற்ற கால்கள் பலமிழக்கின்றன. முற்றமும் படியும் கிணற்றடியும் பழக்கமில்லாதவை. இரவில் மலசலகூடத்துக்குப் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டும் எழுந்து நடப்பதே கடினமாகிவிடும்.

முதுமையில் விழுவது விதியல்ல. கண், உட்செவி, பாத உணர்ச்சி ஆகியன தரும் செய்திகளைக் கொண்டே மூளை எம்மை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. வயதோடு இவை மங்கினாலும் பயிற்சியால் சமநிலை தேறும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பீடொன்றின்படி, உடற்பயிற்சி செய்த முதியோர் விழுவது ஏறக்குறைய 23 சதவீதம் குறைந்தது. 65 வயதைத் தாண்டியோர் வாரத்தில் 3 நாட்களேனும் இத்தகைய பயிற்சி செய்யவேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் அறிவுறுத்தியது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை நான்கு:

1. சுவரோடு அணைத்து வைத்த உறுதியான கதிரையிலிருந்து மெல்ல எழுந்து, மெல்ல இருத்தல். 5 தடவையில் தொடங்கி 10 வரை கூட்டலாம்.

2. வீட்டுக் கப்பைப் பிடித்தபடி குதிகளை உயர்த்தி இறக்குதல், 10 தடவை.

3. கப்பைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்றல். பின்பு மற்றக் காலில்.

4. ஒரு காலின் குதி மற்றக் காலின் விரல்களைத் தொடும்படி, சுவரோரமாக 10 அடி நடத்தல். வரம்பில் நடந்த அதே நடைதான்.

முதல் நாட்களில் ஒருவர் அருகில் நிற்கவேண்டும். தலைசுற்றோ நெஞ்சுநோவோ வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். அண்மையில் விழுந்தவர்களும், பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்டே தொடங்கவேண்டும். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். படுக்கையருகில் ஒரு ரோச் லைட் இருக்கட்டும்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ, நாங்கள் செய்கிறோம்" என்று அன்பினாலேயே பெரியவர்களிடமிருந்து எல்லா வேலைகளையும் பறித்துவிடுகிறோம். கோழிக்குத் தீன் போடுவதையும் கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் அவர்களிடமே விடுவோம். கால்களுக்கு அதுவும் பயிற்சிதான்.