கிள்ளுகிறதா உங்கள் மின் அழுத்தி?

நம் வீடுகளில் அன்றாடம் பயன்படும் மின் உபகரணங்களுள் மின் அழுத்தியும் ஒன்று. பிள்ளைகளின் பாடசாலைச் சீருடை, வேலைக்குப் போகும் உடுப்பு எனக் காலை வேளையில் அவசர அவசரமாக அதனை எடுக்கிறோம். சூடாறும் முன்பே வயரைச் சுற்றி வைத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிறோம். அந்த வயர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

மட்டக்களப்பு படுவான்கரைக் கிராமமொன்றில் வீட்டுத் தரிசிப்புக்குச் சென்றபோது ஒரு சகோதரியைச் சந்தித்தேன். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். சீருடை தைத்துக் கொடுப்பதே அவரது வருமானம். ஈரம் காயாத சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று தைத்த துணியை அழுத்திக்கொண்டிருந்தார். அழுத்தியின் வயர் நடுவில் கறுப்பு ரேப் சுற்றப்பட்டு, அதற்கு மேல் பொலித்தீனும் கட்டப்பட்டிருந்தது.

"அக்கா, இந்த வயர் ஆபத்தெல்லோ?" என்று கேட்டேன்.

"நல்லா வேலை செய்யுதுதானே மிஸ். சில நேரம் சின்னதா கிள்ளும். செருப்பைப் போட்டா கிள்ளாது" என்றார் சாதாரணமாக.

அந்தக் 'கிள்ளல்' ஓர் எச்சரிக்கை. மின்சாரம் அழுத்தியின் உலோக உடலுக்குக் கசிந்து, அவரது கை வழியாக நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செருப்பு அதனைத் தற்காலிகமாகத் தடுத்ததேயொழிய, கசிவை நிறுத்தவில்லை. கையில் வியர்வை, தரையில் தண்ணீர் என்று ஒருநாள் சேர்ந்திருந்தால் அந்தக் கிள்ளலே உயிரைப் பறித்திருக்கும்.

மூன்றாவது வயரின் வேலை

மின் அழுத்தியின் வயருக்குள் மூன்று வயர்கள் உள்ளன. மண்ணிறம் உயிர்க்கம்பி. நீலம் நொதுமல் கம்பி. பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி, அதாவது ஏர்த். பழைய வயர்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் இருக்கும்.

அழுத்தி சூடாவதற்கு முதல் இரண்டும் போதும். மூன்றாவது வயர் நமது உயிருக்கானது. மின்சாரம் உலோக உடலைத் தொட்டுவிட்டால், புவிக்கம்பி அதனை உடனடியாக நிலத்துக்குக் கடத்தும். அப்போது பியூஸ் எரியும் அல்லது ட்ரிப் சுவிட்ச் விழும். புவிக்கம்பி அறுந்திருந்தால் அந்த வேலையை நமது உடல் செய்ய வேண்டி வரும்.

அந்தச் சகோதரியின் வயரைத் திருத்தகத்தில் அவிழ்த்துப் பார்த்தபோது, ரேப்புக்குள் இரண்டு வயர்கள் மட்டுமே முறுக்கப்பட்டிருந்தன. பச்சை வயர் வெட்டி விடப்பட்டிருந்தது. அழுத்திக்குள் வயர் நுழையும் இடத்திலும் உறை கருகி வெடித்திருந்தது. அப்படியிருந்தும் அழுத்தி சூடாகிக்கொண்டுதான் இருந்தது. 'வேலை செய்கிறது' என்பது 'பாதுகாப்பானது' என்பதற்குச் சான்றல்ல.

எதை நாமே செய்யலாம்?

பிளக்கிற்கு மிக அருகில் மட்டும் வயர் பழுதடைந்திருந்தால், பழுதான துண்டை வெட்டிவிட்டுப் புதிய பிளக் பூட்டலாம். இதனை ஒரு பெண் தாராளமாகச் செய்யலாம்.

1. சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றி, அழுத்தியை ஆற விடுங்கள். கழற்றும்போது வயரை இழுக்காமல் பிளக்கைப் பிடியுங்கள்.

2. பழுதான பகுதியை முழுதாக வெட்டுங்கள். வெட்டிய பழைய பிளக்கைப் பிள்ளைகள் எடுக்கும் இடத்தில் போடாதீர்கள். வயர்த் துண்டுடன் அதனை மீண்டும் செருகினால் பேராபத்து.

3. வெளியுறையைச் சீவும்போது உள் வயர்களில் வெட்டு விழக்கூடாது. விழுந்தால் அந்தத் துண்டையும் வெட்டி, மறுபடி தொடங்குங்கள்.

4. 13 அம்பியர் பிளக்கில் மண்ணிற வயர் பியூஸ் பக்கமுள்ள 'எல்' முனைக்கும், நீலம் 'என்' முனைக்கும், பச்சை மஞ்சள் நீண்ட பின் உள்ள முனைக்கும் செல்ல வேண்டும். புவிக்கம்பியைச் சற்று நீளமாக விடுங்கள். வயர் இழுபட்டால் அது கடைசியாகவே கழர வேண்டும்.

5. ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிளக்கின் பிடி, உள் வயர்களையன்றி வெளியுறையையே இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

6. நமது நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற். 1000 வாற் அழுத்தி ஏறத்தாழ 4.3 அம்பியர் எடுக்கும். அதற்கு 5 அம்பியர் பியூஸ் போதும். பியூஸுக்குப் பதிலாகக் கம்பித் துண்டோ ஈயத்தாளோ வைக்கவே கூடாது.

முதன்முறை செய்பவர்கள், பாவிப்பதற்கு முன் தகுதியான மின்னியலாளர் ஒருவரிடம் காட்டி, புவிக்கம்பி தொடர்ச்சியாக உள்ளதா என்று மீற்றரால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்?

வயரின் நடுவிலோ, அழுத்திக்குள் நுழையும் இடத்திலோ பழுதென்றால் ரேப் சுற்றாதீர்கள். முறுக்கிய இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறும். சூட்டில் ரேப்பின் பசை இளகிக் கழரும். அழுத்தியைத் திருத்தகத்தில் கொடுத்து முழு வயரையும் மாற்றுங்கள். சூடான அடித்தட்டில் பட்டால் சாதாரண பிளாஸ்டிக் வயர் உருகிவிடும். ஆகவே அழுத்திக்கென்றே உள்ள துணியுறை வயரைக் கேட்டு வாங்குங்கள்.

அழுத்தி கிள்ளினாலோ, கருகல் மணம் வந்தாலோ, பிளக் சூடானாலோ அன்றைக்கே பாவனையை நிறுத்த வேண்டும். இரண்டு பின் பிளக்கைச் செருகுவதற்காகப் பிளக் பொயின்ட்டின் மேல் துளையில் பேனையை விடும் வழக்கத்தையும் கைவிடுவோம். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று அதனைத் தவிர்த்து நேரடியாக மின்சாரம் எடுப்பது, காவல்காரனைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அப்போது அது விழாவிட்டால் மின்னியலாளரை அழையுங்கள்.

யாரையாவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலில் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். எழுந்து நடமாடினாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

ஏன் பெண்கள் இதனை அறிய வேண்டும்?

ஏன் இவ்வளவு நாளும் திருத்தவில்லை என்று அந்தச் சகோதரியிடம் கேட்டேன். "பக்கத்து வீட்டுத் தம்பிதான் ரேப் சுத்தித் தந்தது. திரும்பத் திரும்ப ஒரு ஆம்பிளைய வீட்டுக்குக் கூப்பிட்டா ஊர் கதைக்கும் மிஸ்" என்றார்.

மின்சார வேலை ஆண்களுடையது என்று சிறு வயதிலிருந்தே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் அழுத்தியைக் கையில் பிடிப்பவள் பெரும்பாலும் பெண். தனித்து நின்று குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணுக்கோ, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஆபத்தைச் சகிக்கும் நிலைமை. எல்லாப் பெண்களும் மின்னியலாளராக வேண்டியதில்லை. எது ஆபத்து, எதை நாமே செய்யலாம், எதனைத் திருத்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தாலே போதும்.

அடுத்த மாதம் அக்கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்தில் பிளக் பூட்டப் பழகினோம். புது வயர் போட்ட அழுத்தியுடன் அந்தச் சகோதரியும் வந்திருந்தார். "இப்ப கிள்ளுறதில்ல மிஸ்" என்று சிரித்தவர், பக்கத்திலிருந்தவரின் பிளக்கை வாங்கி, பச்சை வயர் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார்.

சகோதரிகளே, நாளைக் காலை சீருடை அழுத்துவதற்கு முன், பிளக்கைக் கழற்றி வைத்து உங்கள் அழுத்தியின் வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.