காற்றை விரட்டும் பசை

வீடியோ எடிட்டிங்கோ விளையாட்டோ ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் ஃபேன் இரைகிறது, கூடவே வேலையும் மந்தமாகிறது என்றால் பலரும் பிராசசரையே சந்தேகப்படுகிறார்கள். அது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பிராசசரின் மேல்மூடியும் அதன்மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்கின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் மேடும் பள்ளமும்தான். எவ்வளவு இறுக்கினாலும் பள்ளங்களில் காற்று தங்கிவிடும். வெப்பம் கடத்துவதில் செம்பின் அளவு சுமார் 400 என்றால், அதே அலகில் காற்றுக்கு 0.026! இந்தக் காற்றை விரட்டத்தான் தெர்மல் பேஸ்ட். பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு போன்றவற்றின் பொடியை சிலிக்கோன் எண்ணெயில் குழைத்துச் செய்கிறார்கள். தரமான பேஸ்டுக்கே அந்த அளவு 10-ஐ ஒட்டித்தான். அதனால் பள்ளம் நிரம்பினால் போதும்; தடிமனாக அப்பினால் பேஸ்டே சூட்டுக்குத் தடையாகிவிடும்.

சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்குகிறது. பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுங்குகிறது, எண்ணெய் பிரிகிறது, மிச்சம் காய்ந்து வெடிக்கிறது. பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தாங்கும். ஆனால் காலண்டரைவிட வெப்பநிலையை நம்புங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளே காட்டிவிடும். முன்பு 70 டிகிரியில் நின்ற அதே வேலைக்கு இப்போது 90 என்றால், முதலில் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் இறங்காவிட்டால்தான் பேஸ்ட். எந்தக் காரணத்துக்காக ஹீட்சிங்கைக் கழற்றினாலும் புதிதாகப் பூசியே ஆக வேண்டும். கலைந்த பூச்சுக்குள் காற்று புகுந்திருக்கும்.

கழற்றும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். ஏஎம்4 வகை ரைசன் பிராசசரின் அடியில் 1,331 மெல்லிய பின்கள் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்க, ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். எனவே கம்ப்யூட்டரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பு இருக்கும்போதே ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டதும் தூக்கலாம்.

பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்து உலரவிடுங்கள். நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் போதும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் சில சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால் அது சீராகப் பரவும். லேப்டாப்பில் சிப்புக்கு மேல்மூடி இல்லாததால் முழுப் பரப்பிலும் தடவ வேண்டும். பக்கத்துச் சிப்புகளில் உள்ள மெத்தென்ற பட்டைகளை எடுத்துவிட்டுப் பேஸ்ட் பூசாதீர்கள். அங்குள்ள இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. காலியம் கலந்த திரவ உலோகம் வீட்டு வேலைக்கு வேண்டாம் என்பேன். அது அலுமினியத்தை அரிக்கும், சிந்தினால் ஷார்ட் சர்க்யூட்டும் ஆகும்.

மாட்டியதும் வெப்பநிலையைப் பாருங்கள். ஆன் செய்த சில வினாடிகளிலேயே 90-ஐத் தொட்டால் உடனே அணைத்துவிட்டு, ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஃபேன் வயர் மாட்டியிருக்கிறதா, புது ஹீட்சிங்க் என்றால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.