பைலட் ஆக எவ்வளவு செலவாகும்? நிலத்தை விற்பதற்கு முன்னாடி ஒரு கணக்கு

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். கும்மிடிப்பூண்டியிலிருந்து ப்ளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி அனுப்பியிருந்தார். "அண்ணா, எனக்கு பைலட் ஆகணும். அப்பா சிப்காட்ல ஒரு கம்பெனில ஷிப்ட் சூப்பர்வைசர். திருவள்ளூர் பக்கம் ஒன்றரை கிரவுண்டு இடம் இருக்கு. அதை வித்துடலாம்னு அப்பாவே சொல்றார். அது போதுமா?"

இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. மொத்தம் எவ்வளவு ஆகும்? எந்தச் செலவை எப்போ செய்யணும்? எல்லாரும் முதல் கேள்வியைத்தான் கேக்குறாங்க. குடும்பங்கள் மாட்டிக்கிறது ரெண்டாவதுல.

முதல்ல, லைசென்ஸ்னா என்ன?

ஏர்லைன்ல வேலைக்குச் சேர கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வேணும். சுருக்கமா சிபிஎல். இதைக் கொடுக்கிறது டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். வயசு 18 ஆகியிருக்கணும். ப்ளஸ் டூல இயற்பியலும் கணிதமும் படிச்சிருக்கணும். காமர்ஸ் படிச்சவங்க பலர் இந்த ரெண்டு பாடத்தை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமா எழுதி பாஸ் பண்ணிட்டு வர்றாங்க.

அடுத்தது 200 மணி நேரம் பறந்திருக்கணும். சும்மா பக்கத்து சீட்டுல உட்கார்ந்து வர்ற 200 இல்ல. அதுல 100 மணி நேரம் விமானத்துக்கு நீங்களே பொறுப்பு. அந்த நூறுக்குள்ள 20 மணி நேரம் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போற பயணம். அதிலும் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையக் கூடாது. இது போக இரவுப் பறத்தல் 5 மணி நேரம், வெளியே பார்க்காம கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுற பயிற்சி 10 மணி நேரம். கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் இதுக்கும் மேல. அதுக்கு 21 வயசும் 1500 மணி நேரமும் வேணும். அந்த மணி நேரத்தைப் பெரும்பாலும் வேலையில சேர்ந்த பிறகுதான் சேர்ப்பாங்க.

எங்கே கத்துக்கிறது?

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஜி.என்.டி ரோட்டுல சென்னைக்கு வர்றவங்களுக்கு சோழவரம் தெரியும். இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் ஒண்ணு அங்கே இருக்கு. நம்ம அப்பா, தாத்தா காலத்துல அதுலதான் கார், பைக் பந்தயம் நடக்கும். பிறகு இருங்காட்டுக்கோட்டையில தனிப் பந்தயத் தளம் வந்ததும் ரேஸ் அங்கே போயிருச்சு. இவ்வளவு பக்கத்துல ரன்வே இருந்தும் பறக்கக் கத்துக்க நம்ம பசங்க வெளியூர்தான் போகணும்.

பயிற்சிப் பள்ளிகளைப் பெருக்க இந்திய விமான நிலைய ஆணையம் சில வருஷம் முன்னாடி கூட்டம் இல்லாத விமான நிலையங்கள்ல இடம் ஒதுக்கிச்சு. அந்தப் பட்டியல்ல நமக்குக் கிட்ட இருக்கிறது சேலமும் கடப்பாவும். மத்திய அரசோட பள்ளி உத்தரப் பிரதேசத்துல ஃபர்சத்கஞ்ச்ல இருக்கு. இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, 1980-கள்ல ஆரம்பிச்சது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல வழி வந்திருக்கு. 2025 அக்டோபர்லருந்து டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போட ஆரம்பிச்சிருக்கு. முதல் பட்டியல்ல மேல்மட்ட ரெண்டு தரத்துல ஒரு பள்ளிகூட வரல. விளம்பரம் பார்த்து முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்தப் பட்டியலைப் பாருங்க.

இப்போ பணம்

தோராயக் கணக்குதான், பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு மணி நேரம் பறக்க 20,000 ரூபாய்னு வச்சுக்கிட்டாலே 200 மணிக்கு 40 லட்சம். தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு, பரீட்சை எல்லாம் சேர்த்தா இந்தியாவுல சிபிஎல் முடிக்க சுமார் 50 லட்சம், சில இடத்துல 60. டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2024 செப்டம்பர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துல தெளிவுபடுத்திட்டாங்க. பில்லுல வரி இருந்தா கேள்வி கேளுங்க.

கதை இதோட முடியல. சிபிஎல் வாங்கினவருக்கு செஸ்னா 172 மாதிரி சின்ன விமானம் ஓட்டத் தெரியும். இண்டிகோ, ஏர் இந்தியா ஓட்டுற ஏர்பஸ் ஏ320-ல உட்காரணும்னா அந்த விமானத்துக்குன்னு தனிப் பயிற்சி வேணும். அதுக்குப் பேரு டைப் ரேட்டிங். பெரும்பாலும் சிமுலேட்டர்லயே நடக்கும். அதுக்கு இன்னொரு 15 லட்சம் போல ஆகும். ஆக 65, 70 லட்சம். ஏர்லைன்களே நடத்துற கேடட் திட்டத்துல சேர்ந்தா ஒரு கோடியைத் தாண்டலாம்.

பேங்க் கடன் கிடைக்குமான்னா, கிடைக்கும். டிஜிசிஏ அங்கீகரித்த பைலட் பயிற்சி கல்விக்கடன் திட்டத்துல வருது. ஆனா ஏழரை லட்சத்துக்கு மேல போனா பொதுவா சொத்து அடமானம் கேப்பாங்க. 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருஷம்னு வைங்க. மாசத் தவணை கிட்டத்தட்ட 69,000 ரூபாய். படிக்கிற காலத்துல ஏறுற வட்டி தனி, அதுவே வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல வரும். வேலை கிடைச்ச ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு இது தாங்கக்கூடிய தொகைதான். வேலைக்குக் காத்திருக்கிறவருக்கு? அங்கதான் சிக்கலே.

அந்தக் காத்திருப்பு

லைசென்ஸ் கையில இருந்தா வேலை உறுதின்னு நினைக்கிறோம். ஏர்லைன் ஆள் எடுக்கும்போது எழுத்துத் தேர்வு, உளவியல் தேர்வு, இன்டர்வியூ, சிமுலேட்டர் தேர்வுன்னு தனியா ஒரு வரிசை இருக்கு. ஆள் எடுக்கிற வருஷமும் இருக்கு, எடுக்காத வருஷமும் இருக்கு. 2012-ல கிங்ஃபிஷர் நின்னது. 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ். அடுத்த வருஷமே கொரோனா. 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உள்ளவங்க சந்தைக்கு வந்தாங்க. 200 மணி நேரக்காரங்க வரிசையில பின்னாடி போனாங்க.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. 2023-ல ஏர் இந்தியா 470 விமானத்துக்கும், இண்டிகோ 500 விமானத்துக்கும் ஆர்டர் போட்டாங்க. அத்தனையும் வந்தா பைலட் தேவை நிச்சயம். ஆனா விமானம் டெலிவரி ஆகிற தேதி உங்க கடன் தவணைத் தேதியைப் பார்த்து வராது.

காத்திருக்கும்போது சும்மாவும் இருக்க முடியாது. மெடிக்கலைப் புதுப்பிக்கணும், கருவிப் பறத்தல் தகுதியைப் புதுப்பிக்கணும், பறக்கிற கை மறக்காம இருக்கணும். எல்லாத்துக்கும் காசு. இந்த ஒரு வருஷ, ரெண்டு வருஷச் செலவை யாரும் பட்ஜெட்டுல எழுதுறதே இல்ல.

அப்போ எந்த வரிசையில போறது?

விலை குறைஞ்ச கதவை முதல்ல திறந்து பாருங்க.

ஒண்ணு, மெடிக்கல். டிஜிசிஏ பட்டியல்ல இருக்கிற டாக்டர்கிட்ட கிளாஸ் 2, அதுக்கப்புறம் கிளாஸ் 1. சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். கண்ணாடி போட்டிருந்தா பரவாயில்ல, போட்டதும் பார்வை சரியா வரணும். நிறங்களைப் பிரிச்சுப் பார்க்கிறதுல கோளாறு இருந்தா அங்கேயே கனவு நிக்கலாம். 20 லட்சம் கட்டினதுக்கு அப்புறம் அது தெரியக் கூடாது.

ரெண்டு, பரீட்சை. டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பர் வாங்கிட்டா வழி கண்டறிதல், வானிலை, விமான விதிமுறை, தொழில்நுட்பம் எல்லாத்தையும் வீட்டிலிருந்தே படிச்சு எழுதலாம். ஒவ்வொண்ணுலயும் 70 சதவீதம் எடுக்கணும். இதை முடிச்சிட்டுப் பறக்கப் போறவங்களுக்கு ஹாஸ்டல்ல வெட்டியா போற மாசம் குறையும்.

மூணு, பள்ளிக்கு நேர்ல போங்க. எத்தனை விமானம் பறக்கிற நிலையில இருக்கு, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், போன பேட்ச் 200 மணியை எத்தனை மாசத்துல முடிச்சாங்கன்னு மாணவர்கள்கிட்டயே கேளுங்க. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னா யோசிங்க. "வேலைக்கு நூறு சதவீத கேரன்டி"ன்னு ஏஜென்ட் சொன்னா எழுந்து வந்துருங்க.

நாலு, டைப் ரேட்டிங். எந்த ஏர்லைன் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்குதுன்னு தெரியாம இதுல பணம் போடாதீங்க.

அந்த இடத்தை விக்கிறதைப் பத்தி என் கருத்து இது. முதல் ரெண்டு படி முடியற வரைக்கும் பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும். அதுக்கப்புறம் விக்கிறதா இருந்தாலும், அடமானம் வைக்கிறதா இருந்தாலும், லைசென்ஸுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் தாக்குப்பிடிக்கிற பணம் தனியா இருக்கான்னு அப்பாவும் நீங்களும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. இல்லன்னா இன்னும் கொஞ்சம் சேர்த்துட்டு ஆரம்பிங்க. 18-லயே சேர்ந்தாகணும்னு எந்த விதியும் இல்ல. டிகிரி முடிச்சு, நாலு வருஷம் வேலை பார்த்துட்டு வந்து பைலட் ஆனவங்களும் இருக்காங்க.

பறக்கணும், ஆனா வீட்ல காசே இல்லைன்னா? என்டிஏ, ஆஃப்கேட் தேர்வு எழுதி விமானப்படைக்குப் போற வழி இருக்கு. பயிற்சிச் செலவு முழுக்க அரசாங்கத்தோடது. அது ராணுவ வாழ்க்கை, தேர்வும் கடினம். அதைப் பத்தி இன்னொரு எபிசோடுல விரிவா பேசலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.