திருக்குறுங்குடியும் நார்ட்டன் வண்டியும்

மோட்டார் சைக்கிளுக்கும் திருக்குறுங்குடிக்கும் என்ன சம்பந்தம்? நம்பியைச் சேவிக்கப் போகிறவர்கள் இப்படிக் கேட்டால் அதில் வியப்பில்லை. ஆனால் சம்பந்தம் உண்டு. திருநெல்வேலியிலிருந்து தெற்கே நாங்குநேரி வரை சென்று, மேற்கே மலையை நோக்கித் திரும்பினால் வரும் அந்தத் திவ்ய தேசத்தில் 1877-ம் ஆண்டு ஒரு குழந்தை பிறந்தது. அவர்தாம் டி. வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்களில் முதல் எழுத்து திருக்குறுங்குடியையே குறிக்கிறது.

அந்த எழுத்துக்களைத் தாங்கிய மோட்டார் கம்பெனி 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் ஒரு காரியம் செய்தது. நார்ட்டன் என்ற புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் நிறுவனத்தை 1 கோடியே 60 லட்சம் பவுனுக்கு விலைக்கு வாங்கிற்று.

பழைய முகம், புதிய நெஞ்சு

உலகில் இப்போது ஒரு மோகம் பரவியிருக்கிறது. பார்வைக்குத் தாத்தா காலத்து வண்டியாக இருக்கவேண்டும். ஓட்டினால் இன்றைய வேகத்தில் பறக்கவேண்டும். இத்தாலியர்கள் இந்தக் கலையில் கெட்டிக்காரர்கள். 1972-ல் இமோலா பந்தயத்தில் பால் ஸ்மார்ட் என்ற வீரர் டுகாட்டி வண்டியில் வெற்றி பெற்றார். அந்த வெற்றியின் நினைவாக, அந்தப் பழைய வண்டியின் சாயலிலேயே டுகாட்டி கம்பெனி 2006-ல் ஒரு விசேஷ வண்டியை வெளியிட்டது. பால் ஸ்மார்ட்டின் பெயரையே அதற்குச் சூட்டி, 2,000 வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே அதை அடைய ஆசை பெருகியது.

இப்படிப் பழமையை வைத்து வியாபாரம் செய்ய, முதலில் கையில் ஒரு பழமை இருக்கவேண்டுமல்லவா? நார்ட்டனிடம் அது ஏராளமாக இருந்தது. ஜேம்ஸ் நார்ட்டன் என்பவர் 1898-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி அது. 1907-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த முதல் டி.டி. பந்தயத்திலேயே இரட்டை சிலிண்டர் பிரிவில் நார்ட்டன் வெற்றி கண்டது. சே குவேரா தமது நண்பருடன் 1952-ல் தென் அமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்டதும் ஒரு பழைய நார்ட்டன் வண்டியில்தான்.

1967-ல் வந்த 'கமாண்டோ' வண்டி இன்னும் பெயர் பெற்றது. பெரிய இரட்டை சிலிண்டர் இஞ்சின் வேகம் எடுத்தால் வண்டி முழுவதும் அதிரும். ஓட்டுகிறவரின் கைகள் மரத்துப் போகும். நார்ட்டன் பொறியாளர்கள் இஞ்சினைச் சட்டத்தோடு நேரே இறுக்காமல், நடுவே ரப்பர் தாங்கிகளை வைத்தார்கள். அதிர்ச்சி ரப்பரோடு நின்றுவிட்டது. எளிய யோசனைதான், அதுவே கமாண்டோவின் புகழுக்குக் காரணமாயிற்று.

பெயர் மட்டும் போதுமா?

ஆனால் பெயர் மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது. 2020 ஜனவரியில் நார்ட்டன் நொடித்துப் போயிற்று. முன்பணம் கட்டியவர்கள் பலர் வண்டி வராமல் தவித்தார்கள். கம்பெனிக்குக் கடனாகப் போன ஓய்வூதியச் சேமிப்பை இழந்து நின்றவர்களும் உண்டு.

புதிய உடைமையாளர்கள் பழைய நிர்வாகத்தில் கட்டப்பட்ட 'வி4' ரக வண்டிகளைச் சோதித்தபோது இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. 35 குறைகள் இருந்தன. அவற்றில் சில ஓட்டுகிறவரின் உயிருக்கே உலை வைக்கக்கூடியவை! கண்ணைப் பறிக்கும் வர்ணத்துக்கும் பளபளக்கும் டாங்கிக்கும் அடியில் இத்தனை கோளாறு. அந்த வண்டிகளை ஓட்டவேண்டாம் என்று உரியவர்களுக்கு அறிவிப்புப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. பெயரை வாங்கியாயிற்று, வர்ணம் பூசி விற்றுவிடலாம் என்று இருந்துவிடவில்லை. பர்மிங்ஹாமுக்கு அருகே சோலிஹல் என்ற ஊரில் 2021-ல் புதிய தொழிற்சாலை எழுந்தது. இஞ்சினைத் திருத்தி, வண்டியை மறுபடியும் வடிவமைத்தார்கள். 2022-ல் 10 கோடி பவுன் முதலீடு செய்வதாக அறிவித்தார்கள். கணக்குப் பார்த்தால், பெயருக்குக் கொடுத்த விலையைப் போல் ஆறு மடங்குக்கும் மேல்.

அந்த உழைப்பில் வந்த 'வி4 சிஆர்' என்ற வண்டி 1,200 சி.சி. இஞ்சின் கொண்டது, 185 குதிரை சக்தி உடையது. உருவமோ பழைய லண்டன் வாலிபர்கள் காப்பிக் கடைக்குக் கடை பந்தயம் விட்ட வண்டியின் பாணி. 200 வண்டிகள்தாம் என்று அறிவித்தார்கள். விலை சுமார் 42 ஆயிரம் பவுன். நிறுவனத்தின் 125 ஆண்டு நிறைவை ஒட்டி வெளிவந்த விசேஷ வண்டிகளும் நான்கு ரகங்களில், ரகத்துக்கு 125 என்றே அளந்து விடப்பட்டன.

ஆணி பொறுக்கிய கதை

இந்தப் பக்குவம் சோலிஹல்லில் பிறந்தது அல்ல. 1912-ல் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டார். பிற்காலத்தில் அவருடைய பஸ் வரும் நேரத்தைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்பார்கள். மாட்டு லாடங்களிலிருந்து உதிரும் ஆணிகள் டயரைக் குத்திவிடாதபடி, காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்றும் சொல்லுவதுண்டு. உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது கரி வாயுவில் பஸ் ஓடுவதற்கு டி.வி.எஸ். சாதனம் செய்தது. சொன்ன நேரத்துக்கு வண்டி போய்ச் சேரவேண்டும் என்பதுதான் இத்தனைக்கும் அடிப்படை.

1980-ல் ஓசூரில் பிறந்த 'டி.வி.எஸ். 50' வண்டியும் அந்த வழியில் வந்ததே. பெயருக்கேற்ப 50 சி.சி. இஞ்சின்தான். ஆனால் அதன் வழித்தோன்றலான எக்ஸ்எல் வண்டி இன்றும் தாமிரபரணிக் கரையில் வாழைத்தார், வைக்கோல் கட்டு, நெல் மூட்டை எல்லாவற்றையும் சுமக்கிறது. அம்பாசமுத்திரத்து விவசாயிக்கு அதன் அழகு பெரிதல்ல; காலையில் ஒரே மிதியில் கிளம்புகிறதா என்பதே கேள்வி. 42 ஆயிரம் பவுன் கொடுத்து நார்ட்டன் வாங்குகிற சீமானுக்கும், அழகு தீர்ந்த பிறகு, கேள்வி அதுதான்.

நம்பாடுவான் ஊர்

பழையதைப் புதுப்பிப்பதில் திருக்குறுங்குடிக்கும் பழக்கம் உண்டு. சுந்தரம் ஐயங்காரின் பேரர் வேணு சீனிவாசன் நம்பி கோயிலையும், தாமிரபரணிக் கரையிலுள்ள நவதிருப்பதிகளையும் புதுப்பிக்கும் பணியில் முன் நின்றார். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று அந்தக் கோயிலில் நடக்கும் கைசிக நாடகமும், நலிந்திருந்து 1999-ல் புத்துயிர் பெற்றதே.

அந்த நாடகத்தின் கதை என்ன? பாணர் குலத்து நம்பாடுவான் பெருமாளைப் பாடப் போகிறான். வழியில் ஒரு பிரம்மராட்சசன் அவனைப் பிடித்துக்கொள்கிறான். "பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் என்னைத் தின்றுகொள்" என்று வாக்குக் கொடுக்கிறான் நம்பாடுவான். பாடி முடித்ததும், உயிர் பிழைத்தோம் என்று ஓடிவிடாமல், சொன்னபடி திரும்பி வருகிறான். அவனுடைய பாட்டின் பலனால் ராட்சசனுக்கும் விமோசனம் கிடைக்கிறது.

விற்பவன் கொடுப்பதும் ஒரு வாக்குத்தான். டாங்கியின் மேல் 'நார்ட்டன்' என்று எழுதிய எழுத்து, வாங்குகிறவனுக்குக் கொடுத்த வாக்கு. அதை முன்பு எழுதியவர்கள் காப்பாற்றவில்லை. வாக்கு காத்தவனின் கதையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டும் ஊரின் பெயரைத் தலையெழுத்தாகக் கொண்டவர்கள் இப்போது அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். 2025 நவம்பரில் இத்தாலியின் மிலான் நகரக் கண்காட்சியில், டுகாட்டியின் சொந்த நாட்டிலேயே, நார்ட்டன் புதிய வண்டிகளைத் திரை விலக்கிக் காட்டிற்று. பெயரை 1 கோடியே 60 லட்சம் பவுனுக்கு வாங்க முடிந்தது. நம்பிக்கையை ஒவ்வொரு வண்டியாகத்தான் சம்பாதிக்கவேண்டும்.