முதுகிற் சுமக்கும் வீடு

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து தெற்கே கதிர்காமம் வரை கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டத்தைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஏறக்குறைய இரண்டு மாதகால யாத்திரைக்கு வேண்டிய சாமான்கள் பெரும்பாலும் தோளிலே தொங்கும் ஒரு பையில் அடங்கிவிடுகின்றன. மாற்றுடை, விரிக்கவும் போர்க்கவும் ஒரு துணி, தண்ணீருக்கு ஒரு பாத்திரம், சிறிது உணவு: இவற்றுக்கு மேல் அதிகமில்லை. பாரம் கூடினால் வழி நீளும் என்பதைப் பாதயாத்திரிகருக்கு எவரும் புத்தகம் வைத்துப் போதிப்பதில்லை. அவர்களுடைய தோள்களே போதித்துவிடுகின்றன.

ஆயினும், கதிர்காம யாத்திரிகருக்கு வழியெங்கும் கோயில் மண்டபங்கள் உண்டு; அன்னமிடும் ஊரவர் உண்டு. அவர்கள் நடக்கும் கீழைக் கரையோரம் அக்காலத்தில் வெப்பமும் வறட்சியும் மிக்கது. மலைநாட்டிலே ஓரிரவு தங்கிவர விரும்பும் இளைஞனுக்கோ யுவதிக்கோ இவை எவையுமில்லை. கூரை, படுக்கை, அடுப்பங்கரை ஆகிய மூன்றையும் முதுகிலே சுமந்து செல்ல வேண்டும். அந்த வீட்டை எவ்வளவு குறைந்த செலவிற் கட்டலாம், எந்த இடத்திற் செலவைக் குறைக்கக் கூடாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

பாடசாலையை விட்டு முதல் வேலையிற் சேர்ந்த ஒருவர், நண்பர்களுடன் நக்கிள்ஸ் மலைத்தொடருக்குச் செல்ல ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குச் சென்று கூடாரத்தின் விலையையும் முதுகுப்பையின் விலையையும் கேட்டதும் ஆசை பாதியாகக் குறைகிறது. வீட்டிலே தாயார், “மழையிலும் குளிரிலும் கிடந்து வருத்தம் தேடவா போகிறாய்?” என்று கேட்டதும் மறுபாதியும் போய்விடுகிறது. சிலர் அத்துடன் எண்ணத்தைக் கைவிடுகிறார்கள். வேறு சிலர், கிடைத்த மலிவுப் பொருள்களையெல்லாம் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். முன்னவர் இழப்பது ஓர் இன்பத்தை. பின்னவர், இரவு பத்து மணிக்குக் கூடாரம் ஒழுகத் தொடங்கும்போது, உடல்நலத்தையே பணயம் வைத்தவராகிறார். தாயாரின் கேள்வி வெறும் பயத்தினால் எழுந்ததன்று. அதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

விலையுயர்ந்த பொருள்கள் இல்லாமல் நெடுந்தூரம் நடக்க முடியுமா என்ற ஐயத்தைத் தீர்ப்பதற்கு அமெரிக்க மூதாட்டி ஒருவரின் வரலாறு உதவும். ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட் பதினொரு பிள்ளைகளின் தாய். 1955ஆம் ஆண்டில், தமது 67ஆவது வயதில், 3000 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் அப்பலாச்சியன் மலைவழி முழுவதையும் அவர் தனியாக நடந்து முடித்தார். தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளிற் போட்டுக்கொண்டார். காலிலே சாதாரணக் கன்வஸ் சப்பாத்து. கூடாரத்துக்குப் பதிலாகக் குளியலறையில் மறைப்பாகத் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. உறக்கப்பைக்குப் பதிலாக ஒரு கம்பளிப் போர்வை. அவருடைய சுமை பெரும்பாலும் ஒன்பது கிலோவுக்கு உட்பட்டதாகவே இருந்தது.

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அதற்கு முந்திய ஆண்டில், 1954இல், அவர் மெயின் மாநிலத்தில் நடக்கத் தொடங்கி, வழிதவறி, மூக்குக்கண்ணாடியையும் உடைத்துக்கொண்டு வீடு திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டில் வென்றபோதும், வழியிலுள்ள வீட்டாரின் உபசாரம் பல இரவுகளில் அவருக்குக் கூரையாயிற்று. ஆதலின், போர்வையும் திரையும் போதும் என்பது இதிலிருந்து பெறும் பாடமன்று. உடல் உண்மையில் வேண்டுவது யாது, கடைக்காரர் வேண்டுமென்று சொல்வது யாது என்பதைப் பிரித்தறிய வேண்டும் என்பதே பாடம்.

இலங்கையின் மலைநாட்டில் உடல் வேண்டுவதைத் தீர்மானிப்பவை மழையும் குளிருமாகும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. கொழும்பில் 27 பாகை இருக்கும்போது, 2100 மீற்றருக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் 13 பாகையளவே இருக்கும். அது சராசரிக் கணக்கு. தை, மாசி மாதங்களின் சில அதிகாலைகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. குளிர் மட்டும் வந்தால் தாங்கலாம். நனைந்த உடம்பைக் காற்றும் குளிரும் சேர்ந்து தாக்கும்போதுதான் உயிருக்கே ஆபத்து உண்டாகிறது. எனவே இரவிலே உடம்பை உலர்வாக வைத்திருக்கும் பொருளுக்கு முதலிற் பணம் ஒதுக்க வேண்டும்.

வாங்கும் ஒழுங்கு இதுவாகும்: முதலிற் சப்பாத்து, அடுத்துக் கூரை, அதற்கடுத்துப் படுக்கை, இறுதியில் முதுகுப்பை. புதியவர் பெரும்பாலும் பையையே முதலில் வாங்கிவிடுகிறார். பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பும் ஆசை தானாக வரும். சிறிதாக இருந்தாற் கூடாரத்தை வெளியே கட்டித் தொங்கவிட நேரும். உள்ளே வைக்கும் பொருள்கள் சேர்ந்த பின்னரே அவற்றுக்கு ஏற்ற பையின் அளவு தெரியவரும்.

சப்பாத்தைப் பொறுத்தவரை, கணுக்காலை மூடும் கனத்த மலையேற்றச் சப்பாத்து தொடக்கத்தில் அவசியமன்று. வழுக்காத அடிப்பாகமுள்ள, காலுக்கு நன்கு பொருந்திய ஓட்டச் சப்பாத்து போதும். மாலை வேளையிற் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது, நடக்கும்போது அணியும் காலுறையுடன் போட்டுப் பார்த்து வாங்குதல் நன்று. இறக்கத்தில் விரல் முன்னே சென்று முட்டாதிருக்க, விரலளவு இடம் வேண்டும். புதுச் சப்பாத்துடன் மலையேறுவோர் கொப்புளத்துடன் இறங்குவர். இரண்டு வாரம் ஊருக்குள் அதனுடன் நடந்து பழகுவதற்குச் செலவு எதுவுமில்லை.

கூரைக்கு இரு வழிகள் உண்டு. மிக மலிவானது படங்கு. கயிறும் இரண்டு மரங்களும் கிடைத்தால் மழையை அது நன்கு தடுக்கும். ஆனால் நுளம்பையும் அட்டையையும் அது தடுக்காது. மரமற்ற புல்வெளியிலே கட்டவும் இயலாது. ஆதலின், நண்பர் இருவர் சேர்ந்து ஒரு சிறு கூடாரத்தை வாங்கிச் சுமையையும் விலையையும் பங்கிட்டுக்கொள்வதே சிறந்தது. வாங்கும்போது இரட்டைச் சுவருள்ளதாகப் பார்க்க வேண்டும்: உள்ளே வலைத்துணி, வெளியே மழைமறைப்பு. உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த வெளித்துணியில் நீராகப் படியும். ஒற்றைச் சுவராயின் அந்நீர் படுத்திருப்பவரையே நனைக்கும். மழைமறைப்பு நிலம் வரை இறங்கி வருவதும் அவசியம். உச்சியை மட்டும் தொப்பிபோல் மூடும் கூடாரம் காற்றுடன் கூடிய மழைக்கு ஆகாது. மூவருக்குரியது எனக் குறிக்கப்பட்ட மலிவுக் கூடாரத்தில் இருவரே வசதியாகப் படுக்கலாம் என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

வாங்கியதும் வீட்டு முற்றத்திலே அதனைக் கட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஒழுக்கு பெரும்பாலும் துணியில் அன்று, தையலிலேயே காணப்படும். தையலுக்குப் பூசும் பசையை ஒரு மாலைப்பொழுதிற் பூசினால், மலிவான கூடாரமும் நல்ல கூடாரமாகிவிடும். வாங்கும் வசதியே இல்லாதோர் இரவல் பெறலாம். 1912இல் மாத்தளையில் முதற் குழு தொடங்கிய காலந்தொட்டு இந்நாட்டில் வேரூன்றிய சாரணர் இயக்கம் பல பாடசாலைகளிற் கூடாரங்களை வைத்திருக்கிறது.

படுக்கையிலே புதியவர் செய்யும் தவறு, மேலே போர்ப்பதற்குப் பணத்தைக் கொட்டிவிட்டுக் கீழே விரிப்பதை மறந்துவிடுவது. உடம்பைச் சூடாக வைத்திருப்பது துணியன்று. துணிக்குள்ளே அடைபட்டிருக்கும் காற்று. படுத்தவரின் பாரத்தால் உறக்கப்பையின் அடிப்பக்கம் நசுங்கி, அங்கிருந்த காற்று வெளியேறிவிடுகிறது. நிலம் விடிய விடிய உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. இதைத் தடுப்பது நசுங்காத நுரைப்பாய். விலை குறைந்த அந்தப் பாய் அரைக்கிலோ எடைகூட இராது. ஊதும் மெத்தையைப்போல முள்ளுக்குத்திக் காற்றுப் போவதுமில்லை.

உறக்கப்பை வகைகளில் பறவையின் மென்தூவி அடைத்தது மிக இலேசானது, மிக விலையுயர்ந்ததும் ஆகும். நனைந்தால் அது சுருண்டு பயனற்றுப் போகிறது. செயற்கை இழை அடைத்தது சற்றுக் கனமானாலும் மலிவானது. ஈரமானபோதும் ஓரளவு சூட்டைக் காக்கும். இலங்கையின் ஈரக்காற்றுக்கு மலிவானதே பொருத்தமுமாயிருப்பது புதியவரின் நல்லூழ் எனலாம்.

உடைக்குத் தனியாகச் செலவு வேண்டியதில்லை. பருத்தி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மெதுவாகவே உலரும். ஆகவே பருத்திச் சட்டையும் டெனிம் காற்சட்டையும் மலைக்கு உதவா. விளையாட்டுக்கு அணியும் பொலியெஸ்டர் சட்டை, பழைய கம்பளி மேலங்கி, ஒரு மழையங்கி ஆகியன பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். உறங்குவதற்கென ஒரு சோடி உலர்ந்த உடையைப் பொலித்தீன் பையிற் கட்டி வைத்து, அதனைப் பகலில் எக்காரணம் கொண்டும் தொடாதிருத்தல் வேண்டும். அட்டைக்கடியைத் தவிர்க்கும் நீண்ட காலுறையை நெருங்கிய நெசவுள்ள துணியால் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம்.

இறுதியாகப் பை. தோளைவிட இடுப்பெலும்பே பாரம் தாங்க வல்லது. ஆகவே அகன்ற, மெத்தென்ற இடுப்புப்பட்டி இல்லாத பை எவ்வளவு அழகாயிருந்தாலும் விலக்கத்தக்கது. நீர் புகாத பை என்று விளம்பரம் செய்யப்படுவதற்கு மேலதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. தடித்த பெரிய பொலித்தீன் பையொன்றை உள்ளே விரித்து, அதற்குள் சாமானை அடுக்கிக் கட்டினால் அதே பயன் கிடைக்கும்.

சுமை, உடல் எடையில் ஐந்திலொன்றைத் தாண்டலாகாது என்பது பொதுவிதி. 50 கிலோ எடையுள்ள இளைஞருக்கு 10 கிலோ. இதில் இரண்டு லீற்றர் தண்ணீர் 2 கிலோ. இரண்டு நாள் உணவு ஒன்றரைக் கிலோ. எஞ்சுவது ஆறரைக் கிலோ. கூடாரத்தின் பாதிப்பங்கு ஒன்றேகால் கிலோ, உறக்கப்பை 1.3 கிலோ, பாய் 400 கிராம், பை ஒன்றரைக் கிலோ, உடை 1 கிலோ, அடுப்பும் பாத்திரமும் 800 கிராம், விளக்கும் மருந்தும் 250 கிராம். கணக்கு அத்துடன் நிறைவுபெறுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கோ இரண்டாவது சோடிச் சப்பாத்துக்கோ அங்கே இடமில்லை.

முதற் பயணத்தில் அடுப்பையும் விட்டுவிடலாம். அவல், பேரீச்சம்பழம், கச்சான், எள்ளுருண்டை, காலையிற் சுட்ட றொட்டி ஆகியன ஓரிரவுக்குப் போதும். அடுப்பு கொண்டு செல்வோர், மழை பெய்தாலும் அதனைக் கூடாரத்துக்குள் எரிக்கலாகாது. மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு, உறங்குபவரை எழும்பவிடாமலே கொன்றுவிடும். ஓடை நீரை, நன்கு கொதி வந்தபின் ஒரு நிமிடமும், 2000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடமும் கொதிக்கவைத்தே பருக வேண்டும். அடுப்பில்லாதவர் நீரைச் சுத்திகரிக்கும் குளோரின் வில்லைகளை வைத்திருத்தல் நன்று. விளக்கு, ஊதுகுழல், காயத்துக்குக் கட்டும் துணி, வழக்கமாக உண்ணும் மருந்து ஆகியவற்றிற் சிக்கனம் பார்ப்பது சிக்கனமன்று.

புறப்படுமுன் செய்யவேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, அனுமதி. தேசிய வனங்களில் வனசீவராசிகள் திணைக்களமும், காப்புக்காடுகளில் வனத் திணைக்களமும் குறித்த இடங்களிலேயே கூடாரமடிக்க இடமளிக்கின்றன. இரண்டாவது, ஒத்திகை. மழை வரக்கூடிய ஓர் இரவிலே, வீட்டு முற்றத்தில், சேர்த்த பொருள்களை மட்டும் கொண்டு விடியும்வரை உறங்கிப் பார்க்க வேண்டும். எது ஒழுகுகிறது, எது குத்துகிறது, எது பயன்படவே இல்லை என்பவை அன்றிரவே தெரிந்துவிடும். பத்து அடி தூரத்திலே வீட்டுக் கதவு இருக்கும்போது கண்டுபிடிக்கும் குறை, குறையே அன்று. அதே குறை மலையுச்சியிலே தெரியவந்தால் அது ஆபத்து.

அந்த ஒத்திகையின் மறுநாட் காலையில், நனையாத உடையுடனும் பசியுடனும் கூடாரத்திலிருந்து வெளியே வரும் பிள்ளையைத் தாயார் காண்பார். அவர் முன்னர் கேட்ட கேள்விக்கு அதைவிடத் தக்க விடை வேறில்லை. பயணம் முடிந்தபின், கூடாரத்தை வெயிலில் உலர்த்தி, உறக்கப்பையை இறுக்கிச் சுருட்டாமல் தளர்வாகத் தொங்கவிட்டு வைத்தால், அவை பல ஆண்டுகள் உழைக்கும். அயல் வீட்டு இளைஞன் ஒருவன் மலைக்குப் போக ஆசைப்பட்டு, விலையைக் கேட்டு மனந்தளர்ந்து நிற்கும் நாளிலே, அவனுக்கு இரவலாகக் கொடுக்கவும் அவை உதவும்.